மானிட்டரில் தெரிந்த ஐந்து விரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூன்று பேரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய். கடிதம் ஏன் ஆபீஸ் முகவரிக்கு வந்தது என்று குழம்பாதே, படித்தால் புரியும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முப்பது வருஷம் லைட்மேனாக விளக்கைப் பார்த்துப் பார்த்துக் கெட்ட கண், இப்போது தெளிந்ததும் முதல் வேலையாக உன் மூஞ்சியில எப்ப இவ்வளவு சுருக்கம் வந்துச்சு என்று என்னைக் கேட்கிறார். தம்பி ஆசைப்பட்டு ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான், அது இப்போது என் தலையில்.

மைனா அத்தை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். சின்ன வயதில் நீ கேட்பாயே, அத்தைகிட்ட ஏன் எப்பவும் வலது பக்கமா நின்னு பேசணும் என்று. பிறவியிலேயே இடது காது அப்படி என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். அது பொய். அவள் உனக்குச் சொந்த அத்தை இல்லை என்பது தெரியும், நான் மேக்கப் போட்ட டிவி தொடரின் கதாநாயகி. அதைத் தயாரித்தவன் அவள் புருஷன், நாங்கள் எல்லோரும் முதலாளி என்போம். அவன் அவளை அடிப்பான். சும்மா இல்லை, உதடு கிழிய, கண் மூட, ஒரு தடவை விலா எலும்பு முறிய அடித்தான். அப்போது தொடரை ஃபிலிமில் எடுத்தோம். கேமராவின் சின்ன ஓட்டையில் கண் வைத்திருக்கும் கேமராமேன் ஒருவருக்குத்தான் படம் தெரியும், மற்றவர்கள் பார்க்க வேண்டுமென்றால் லேபில் கழுவி வர மூன்று நாள் ஆகும். வந்தாலும் படம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சுவருக்குப் பூசுவது போல அப்பினால் போதும். அடிபட்ட இடம் சிவப்பாக இருந்தால் அடியில் பச்சை, நீலமாகிவிட்டால் ஆரஞ்சு, அதற்கு மேல் தோல் நிறம். எட்டு வருஷம் இதைச் செய்தேன். உன் கை பட்டா எதுவுமே தெரியலைம்மா என்று அவன் பாராட்டுவான், நானும் பல்லைக் காட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஒரு நாள் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே வசனம் மறந்துவிட்டாள் என்று தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு வயிற்றில் மிதித்தான். பிறகு கேமராவைத் திறந்து ஃபிலிமை முழுக்க வெளிச்சத்தில் உருவி எறிந்தான். வெளிச்சம் பட்ட ஃபிலிமில் ஒன்றும் மிஞ்சாது. இப்ப சொல்லுங்க, யாருடா பார்த்தது என்று கேட்டான். செட்டில் இருந்த முப்பது பேரும் தரையைப் பார்த்தோம். உன் அப்பாவும்தான், அதை அவரே சொல்வார்.

ஊரெல்லாம் மாறியும் அவன் மட்டும் ஃபிலிமை விடவில்லை, கடைசியில் சேனல்காரர்கள் கட்டாயப்படுத்தி டிஜிட்டல் கேமராவை இறக்கினார்கள். கூடவே ஜன்னல் அளவுக்கு ஒரு மானிட்டர். முதல் நாள், முதல் க்ளோசப். காலையில் அவள் கழுத்தில் நான் அப்பியது எனக்கே நன்றாகத்தான் தெரிந்தது. விளக்கைப் போட்டதும் மானிட்டரில் பூச்சு தனியாக, தோல் தனியாக, அதற்குக் கீழே ஐந்து விரலும் தெரிந்தன. கட்டைவிரல் பதிந்த இடத்தில் நகக்கீறல் கூடத் தெரிந்தது. டீ கொண்டுவந்த பெண்ணிலிருந்து டைரக்டர் வரை அத்தனை பேரும் அந்த நிமிஷமே பார்த்தோம். மைனா திரும்பி மானிட்டரில் தன் கழுத்தைத் தானே பார்த்தாள். முதலாளி பாய்ந்து வந்து ஒழுங்கா மறைக்கத் தெரியாதா என்று என்னைத் தள்ளிவிட்டு, அவள் காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தான், விழுந்தவளைத் தூக்கி மறுபடியும் அறைந்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்து என் கையிலிருந்த பஞ்சில் இறங்கியது. கேமராமேன் கேமராவை நிறுத்தவே இல்லை. அதைக் கண்டதும் முதலாளி கேமராவைக் கீழே தள்ளி, மூடியைப் பிய்த்து, கையை உள்ளே விட்டுத் துழாவினான். உருவி எறிய அங்கே ஃபிலிம் ஏது? படம் ஒயர் வழியாக அப்பாவின் விளக்குப் பலகைக்குப் பக்கத்துப் பெட்டியில் பதிவாகிக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்து அவன் அந்தப் பெட்டியை நோக்கி ஓடியபோது அப்பா விளக்கு ஸ்டாண்டைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். நீதிபதி அந்தப் பதிவை இரண்டு தடவை போட்டுப் பார்த்துத்தான் அவனை உள்ளே அனுப்பினார். ஆனால் மைனாவின் காது போனது போனதுதான். முதல் வருஷமே நான் பஞ்சைக் கீழே போட்டிருந்தால் அந்தக் காது இன்றைக்கு இருக்கும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மூன்று வாரமாக வீடியோவில் இருட்டில் உட்கார்ந்து பேசுகிறாய், பல்பு போய்விட்டது என்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுக்கத் திரும்பினாய், ஜன்னல் வெளிச்சம் இடது தாடையில் விழுந்தது. அடியில் ஆரஞ்சு, மேலே தோல் நிறம். பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே கலவை. காதுக்குக் கீழே தேய்க்க அப்போதும் மறப்பாய், இப்போதும் மறந்திருக்கிறாய். மாப்பிள்ளை பின்னால் நின்று அத்தை சாப்பிட்டீங்களா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதம்.

பொறுத்துப் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாஸ்போர்ட்டை நாளைக்கே ஆபீஸ் மேஜைக்கு மாற்று. அவரிடம் சண்டை போடாதே, சொல்லிவிட்டுக் கிளம்பாதே. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் கறுப்புக் கண்ணாடியோடு விளக்கு ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவார். மைனாவிடம் சொன்னேன். அவள், என் அறையில இன்னொரு கட்டில் போட இடம் இருக்கு என்றாள்.

நீ நூறு வயது வாழ வேண்டும், இரண்டு காதும் கேட்க வாழ வேண்டும். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. புதன்கிழமை மதியம் ஆபீஸிலிருந்து வீடியோவில் கூப்பிடு. முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார். தம்பியிடம் கேட்டுப் பழகி வைத்திருக்கிறேன், இந்த முறை அம்மா பதிவு செய்வேன்.

ஆசிகளுடன்,
அம்மா