வைஃபை பாஸ்வேர்டு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டும் வேளாவேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறோம். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். பக்கத்து வீட்டுப் பழனி மகள் தனுஷா படிப்புக்காக உன் ஊருக்கே வருகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ டூட்டிக்கு ஓடிக்கொண்டே பேசுகிறாய், உன் அப்பா பக்கத்திலேயே படுத்துக்கொண்டு ஒன்று விடாமல் கேட்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது.

நீ அனுப்பிய வீடியோ கேம் வந்து பதினோரு நாள் ஆகிறது. விரல் அசைந்தால்தான் உன் அப்பாவின் இழுத்துக்கொண்ட வலது கைக்கு உயிர் வரும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னதை மனதில் வைத்து அனுப்பினாய், சரி. நீ அங்கிருந்து ஒரு வண்டி ஓட்டுவாய், அவர் இங்கிருந்து ஒரு வண்டி ஓட்டுவார், மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு முப்பது வருஷம் டிராக்டரில் கரும்பு லோடு அடித்தவருக்கு ரேஸ் என்றால் ஆசை வராதா என்றாய், அதுவும் சரி. வைஃபையில் சேர்த்துவிட்டால் போதும் என்று சுலபமாகச் சொன்னாயே, அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். திறந்தவுடன் நம் வீட்டு வைஃபை பெயரைக் காட்டியது, அப்புறம் பாஸ்வேர்டு கேட்டது. என் போன் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை, உன் அப்பா என்றைக்கோ போட்டுக்கொடுத்தார், அது பாட்டுக்கு ஓடுகிறது. மோடத்துக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பெரிய எழுத்து சின்ன எழுத்து எல்லாம் பார்த்துப் பார்த்து ஒன்பது தடவை தட்டினேன். ஒன்பது தடவையும் தப்பு என்றது. தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று இருந்தது. கேபிள் வீரமுத்துவைக் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்று நான்கு நாள் சொன்னார். ஐந்தாம் நாள்தான் போனிலேயே, அந்தச் சீட்டுல இருக்கிறது செல்லாதுக்கா, அண்ணன் அப்பவே வேற மாத்திக்கினாரு, எங்கிட்டகூட இன்னான்னு சொல்லல என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என் கண்ணாவது மிஞ்சியிருக்கும்.

சரி என்று உன் அப்பாவிடம் கேட்டேன். ஆடியில் வாதம் வந்து விழுந்ததிலிருந்து அவருக்கு நாக்கு புரள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். என்னவோ சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. உன் பெயரா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினார். டிராக்டர் நம்பரா, இல்லை. என் பெயரா, அதுவும் இல்லை. அவர் வாயைத் திறக்க நான் ஒன்று சொல்ல, மறுபடி திறக்க நான் வேறொன்று சொல்ல, கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கும் ஆத்திரம், மறந்து போச்சுன்னா போச்சுன்னு சொல்லிடுங்களேன், ஏன் என் உயிர வாங்கிக்கினு இருக்கீங்க என்று கத்திவிட்டேன். அன்றைக்கு அவர் ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை.

வியாழக்கிழமைதான் வீரமுத்து வந்தார். இன்னாத்துக்குக்கா கஷ்டப்படுறீங்க, ரீசெட் பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு வச்சிக்கினா போச்சு என்று சொல்லி மோடத்தைக் குத்த ஊசியை எடுத்தார். உன் அப்பா கட்டிலிலிருந்து எக்கி, இடது கையால் மோடத்தை மூடிக்கொண்டார். எடுங்க கையை என்றால் எடுக்கவில்லை. வந்த மனுஷன் முன்னாலேயே நான் திட்டினேன். வீரமுத்துதான், அண்ணன் இன்னாவோ காட்றாரு பாருங்கக்கா என்றார். அலமாரி மேல் துணி சுற்றி வைத்திருந்த உன் கேமைக் காட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகையில் போனைக் கீழே போட்டு உடைத்ததிலிருந்து அவர் கையில் நான் எதையும் கொடுப்பதில்லை. அரை மனதோடு மடியில் தலையணை வைத்து அதன்மேல் கொடுத்தேன். இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலை, திரையில் எழுத்துக்கு எழுத்து நகர்த்துகிற அந்தச் சின்னக் குமிழ் மேல் வைத்தார் அருள்மொழி, இழுத்துக்கொண்ட அந்தக் கையேதான். ஒரு எழுத்துக்குப் போவதற்குள் விரல் நழுவி வேறு எழுத்துக்குப் போய்விடும், அழித்துவிட்டு மறுபடி போவார். இடது விரலால் திரையைத் தொட்டாலே முடிந்துவிடும், செய்யவில்லை. உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டார். நெற்றி எல்லாம் வேர்வை. வீரமுத்துவுக்கு இரண்டு தடவை போன் வந்தது, இரண்டையும் கட் பண்ணிவிட்டு நின்றுகொண்டே பார்த்தார். எந்த எழுத்தைத் தட்டினாலும் திரையில் ஒரு கறுப்புப் புள்ளிதான் விழுந்தது. முக்கால் மணி நேரத்தில் பத்துப் புள்ளி. கடைசியாக ஒன்றை அமுக்கினார், வட்டமாக என்னவோ சுற்றியது, சேர்ந்துவிட்டது. போட்டாரு பாரு அண்ணன் என்று வீரமுத்து தொடையில் தட்டிக்கொண்டார்.

அது என்ன பாஸ்வேர்டு என்று கேட்டேன். இந்தத் தடவை ஒன்றும் எடுத்துக்கொடுக்காமல் நின்றேன். நாக்கைப் புரட்டிப் புரட்டி, கோணலாக ஒரு சிரிப்போடு, எனக்கே புரிகிற மாதிரி சொன்னார், சொல்லமாட்டேன் என்று. நான் வெடுக்கென்று அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆறு மாதமாக அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேச்சை எல்லாம் நானே பேசி முடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. இதை அவரிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் கேமோடு உட்கார்ந்திருப்பார், உனக்கு அப்போது காலைதான், டூட்டி போட்டுக்கொள்ளாதே. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் நம் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். முக்கியமாக ஒன்று, பாவம் அப்பா என்று வண்டியை மெதுவாக விடாதே. அவருக்குத் தெரிந்துவிடும்.

உன் அம்மா,
காசியம்மாள்