மடக்கிய பிறகு விழுந்த அடி

ஒருத்தி கொடுத்த சம்மதம் எந்தக் கணத்தில் தீர்ந்துபோகிறது? எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கோர்ட்டுக்குப் போய் வந்தும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்பது ஒரு வசதி. உயிரோடு இருந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே ஆட்சேபணை சொல்லி எழுந்திருப்பீர்கள்.

இன்று சாயங்காலம் நம் அம்மன் கோயில் பக்கமாக நடந்தேன். ஆடித் திருவிழா. மழை சற்று விட்டிருந்தது. மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரைப் போட்டு ஒலிபெருக்கியை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். முதலில் தமிழில், பிறகு பர்மியத்தில், அந்த அறிவிப்பு வந்தது: "சாட்டையடிக்குக் கை நீட்டும் பக்தர்கள் தங்கள் முழுச் சம்மதத்தோடு நீட்டுகிறார்கள். அதன்பின் நடப்பதற்கு யாரும் பொறுப்பல்ல."

உங்கள் வாக்கியம். மாசியில் உங்களை எரித்தோம். ஆடியில் உங்கள் வாக்கியம் தெருவெல்லாம் கேட்கிறது. உங்கள் இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து உங்களை நேர்மையான வக்கீல் என்றார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து சமூசா சாப்பிட்டுவிட்டு வந்தேன். பேசச் சொல்லிக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

கோயிலுக்குள் போய்ச் செயலாளரைப் பார்த்தேன். அறிவிப்பில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். கையை மடக்கினால் அடி நிறுத்தப்படும், அவ்வளவுதான்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சயாமா" என்றார். இங்கே வாத்தியாரையும் வக்கீலையும் சயா என்பார்கள், பெண்ணாக இருந்தால் சயாமா.

"தெரிஞ்சதை மைக்குல சொல்றதுல என்ன கஷ்டம்?"

"வக்கீல் சயா எழுதிக் குடுத்தது அது. அவரு இருந்தப்பவே யாரும் அதுல கை வெக்கல. இப்ப அவரே இல்ல. மாத்தினா அவருக்கு மரியாதையா இருக்குமா, சொல்லுங்க?"

எல்லாருக்கும் தெரிந்ததாம். அன்றைக்குக் கோர்ட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

ராணுவ அரசு யுனிவர்சிட்டியை மூடி வைத்திருந்த வருஷங்கள் நினைவிருக்கிறதா? சட்டப் படிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு நீங்களும் நானும் டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். பீனல் கோட் புத்தகத்தைப் பிரித்து வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். சம்மதம் பற்றிய பிரிவு வந்த அன்று நீங்கள் தெருவில் போன பஸ்ஸைக் காட்டினீர்கள். "ஏறினவன் இறங்கணும்னு சொன்னா நிறுத்தணும்மா. இஷ்டப்பட்டுத்தானே ஏறினேன்னு சொல்லி அவனை ஊர்க்கோடி மிங்கலாடோன் வரைக்கும் இழுத்துட்டுப் போக முடியுமா?" நான் சிரித்தேன். நீங்கள் கெட்டிக்காரர். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை.

யுனிவர்சிட்டி திறந்தால் சாட்டையடி வாங்குவதாக வேண்டிக்கொண்டீர்கள். திறந்தது. அந்த ஆடியில் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வரிசையில் நின்றீர்கள். உங்கள் முறை வந்ததும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினீர்கள். நனைந்த கயிற்றுச் சாட்டை மணிக்கட்டில் சுற்றி விழுந்தது. ஒரே ஒரு அடி. உடனே கைகளை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டீர்கள். அப்போதைய சாட்டைக்காரர் மறு பேச்சில்லாமல் சாட்டையைத் தாழ்த்தினார். வெளியே வந்து, "ஒரு அடிக்கே அம்மா டிகிரி குடுத்துட்டா, ரெண்டாவது எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். மணிக்கட்டில் சிவந்த வரியை எல்லோருக்கும் காட்டினீர்கள். எனக்கும் காட்டினீர்கள்.

அந்த மணிக்கட்டை நான் மறக்கவில்லை. நீங்கள்தான் மறந்துபோனீர்கள்.

மல்லிகா கை நீட்டியது அதற்குப் பல வருஷங்கள் கழித்து. அவள் போட்டாதாங் படகு ஜெட்டியருகே மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தாள். வீரையா அங்கே கூலியாட்களுக்கு மேஸ்திரி. கோயிலில் சாட்டையும் அவர் கைக்கு வந்திருந்தது. கடை போடும் இடத்துக்காக இரண்டு பேருக்கும் ஜெட்டியில் வாய்ச்சண்டை நடந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தன்னைப் பெற்றவளுக்கு உடம்பு தேறியதற்காக மல்லிகா வேண்டுதலைச் செலுத்த வந்தாள். இரண்டு அடி வாங்கினாள். மடக்கினாள். மூன்றாவது அடி மடக்கிய முழங்கையில் விழுந்தது. நான்காவது கழுத்தில். "போதும்" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்டதோ. ஐந்தாவதற்கு அவர் கையை ஓங்கியபோது சாட்டையைப் பிடித்து இழுத்து, அதன் மூங்கில் பிடியால் அவர் வாயில் ஒன்று வைத்தாள். முன்பல் உடைந்தது. பல் உடைந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம். கழுத்தில் விழுந்த தழும்பு வெறும் காயம்.

இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் கொடுத்தார்கள். நான் மல்லிகாவுக்கு வக்கீல். நீங்கள் வீரையாவுக்காகவும் கோயிலுக்காகவும் வந்து நின்றீர்கள்.

நீதிபதி பர்மியப் பெண்மணி. நிதானமானவர். சாட்டையடி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் தெரிந்துகொள்ள முடியும். அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மல்லிகாவை மரியாதையாகத்தான் விசாரித்தீர்கள்.

"கையை நீட்டினது யாரு?"

"நான்தான்."

"யாராவது பிடிச்சு இழுத்தாங்களா?"

"இல்ல."

"வலிக்கும்னு தெரியுமா?"

"தெரியாம யாராவது சாட்டைக்குக் கை நீட்டுவாங்களா, சயா? நீங்களே சொல்லுங்க."

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு அவள் வழக்கு பாதி முடிந்தது.

உங்கள் வாதம் எளிமையானது. அடி வாங்கச் சம்மதித்தாள். ஆகவே அடித்தது குற்றமில்லை. குற்றமில்லாத ஒன்றுக்கு எதிராகத் தற்காப்பு உரிமை யாருக்கும் கிடையாது. ஆகவே அவள் திருப்பி அடித்தது மட்டும்தான் குற்றம். வீரையாவின் சம்மத வாதம் நின்றால் அவளுடைய தற்காப்பு வாதம் தானாகவே விழும். பஸ்ஸில் ஏற்றிவிட்டு மிங்கலாடோன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

கையை மடக்கியதைச் சொன்னேன். மடக்கினால் நிறுத்துவதுதான் வழக்கம் என்றேன். "வக்கீல் சாட்சி சொல்லக் கூடாது" என்று ஆட்சேபித்தீர்கள். சட்டப்படி சரிதான். நான் சாட்சிக்குக் கூட்டி வந்த இரண்டு பெண்களின் வீட்டு ஆண்களும் வீரையாவிடம் வேலை பார்த்தவர்கள். கூண்டில் ஏறியதும் அந்தப் பெண்கள், அதையெல்லாம் நாங்கள் கவனிக்கவில்லை என்றார்கள். கடைசியில் நீதிபதி உங்களையே கேட்டார். "சயா, நீங்களும் அந்தக் கோயிலுக்குப் போறவர்தானே. அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

நீங்கள் சொன்னீர்கள்: "அப்படி எங்கேயும் எழுதி வைக்கலை, அம்மா."

பொய்யில்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லைதான். அவ்வளவு கவனமாக ஒரு உண்மையைத் தேர்ந்தெடுத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட உங்களை மன்னித்திருப்பேனோ என்னவோ.

வராந்தாவில் உங்களை மறித்துக் கேட்டேன். "நீங்களே மடக்கினவர். நான் பார்த்தேன்."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தக் கேஸ்ல இல்லம்மா. உனக்குத் தெரிஞ்சதை நீ நிரூபிச்சிருக்கணும்."

"ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போகப் போறா."

"ஒரு ஆளுக்குப் பல்லு போச்சே" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனீர்கள்.

மல்லிகா மூன்று மாதம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது ஜெட்டியில் அவள் இடத்தில் வேறொருத்தி கடை போட்டிருந்தாள். அடுத்த ஆடிக்கு முன்னால், இன்னொரு வழக்கு வந்துவிடக் கூடாதே என்று கோயில்காரர்கள் உங்களிடம் யோசனை கேட்டார்கள். நீங்கள் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தீர்கள். இந்த முறை எழுதி வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதும் தெரிந்திருக்கிறது.

அதன்பின் கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். சாப்பாடு நன்றாக இருக்கிறதென்று பேசிக்கொண்டோம். நீங்கள் படுக்கையில் விழுந்தபோது ஒருமுறை வந்தேன். "மல்லிகா எப்படி இருக்கா?" என்று கேட்டீர்கள். "உங்களுக்கு எதுக்கு?" என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அது வருத்தமா, முதுகு வலியா என்று எனக்குத் தெரியாது. வருத்தம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இன்று மத்தியானம் மல்லிகா என் வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்குக் கை நீட்டப் போறேன், அக்கா."

"உனக்கென்ன பைத்தியமா? சாட்டை இன்னும் வீரையா கையிலதான் இருக்கு."

"தெரியும். வேண்டுதல் பாதியில நிக்குது. அம்மா கணக்கு வேற, மேஸ்திரி கணக்கு வேற."

"அவர் நிறுத்தலைன்னா என்ன பண்ணுவே?"

"அவனுக்கு இன்னும் பல்லு பாக்கி இருக்குல்ல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி அடித்தால் மறுபடி உள்ளே போவாள். இந்த முறை அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒலிபெருக்கியே இருக்கிறது. அதனால்தான் செயலாளரிடம் போய் அந்த ஒரு வரிக்காகக் கெஞ்சினேன். கிடைக்கவில்லை.

உங்களிடமிருந்து என்னிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று இதை எழுதும்போது யோசித்தேன். அடிபட்டு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் முதலில் கேட்கிற கேள்வி: "வேண்டாம்னு எப்படிக் காட்டினே? யாரு பார்த்தாங்க?" வலிக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் குரலில்தான் கேட்கிறேன். அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்கிறேன். ஆனாலும் அதைக் கேட்காமல் அவர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போக முடியாது. நீங்கள் கொடுத்ததில் எனக்கு உபயோகப்படுவது அது ஒன்றுதான். அதற்காக நன்றி சொல்ல மனம் வரவில்லை.

நேற்று இவ்வளவும் எழுதி வைத்தேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் நல்ல மழை. தார்ப்பாய்க்கு அடியில் வரிசை நின்றது. நான் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அறிவிப்பு மாறவில்லை. மல்லிகாவின் முறை வந்தது. அவள் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

"நீட்டு" என்றார் வீரையா.

"மடக்கினா நிறுத்துறேன்னு சொல்லுங்க மேஸ்திரி. அப்புறம் நீட்டறேன்."

"அம்மா முன்னால பேரம் பேசறியா?"

"அம்மாகிட்ட நான் பேசவே இல்ல. உங்ககிட்டதான் பேசறேன்."

அவர் சாட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அவளும் நகரவில்லை. மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அடியைக் குறைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் நனைந்துகொண்டு சத்தம் போட ஆரம்பித்தார்கள். செயலாளர் ஓடி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வீரையாவிடம், "சொல்லித் தொலைங்க மேஸ்திரி, வரிசை நிக்குது" என்றார்.

"நிறுத்துறேன்" என்றார் வீரையா. தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கேட்டது.

மல்லிகா நீட்டினாள். ஒரு அடி. இன்னொன்று. மடக்கினாள். ஓங்கிய கை ஓங்கியபடியே கொஞ்சம் நின்றது. பிறகு சாட்டை அவர் காலடியில் தளர்ந்து விழுந்தது. அவள் சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள்.

அடுத்து நின்ற பெண்ணை எனக்குத் தெரியாது. அவளும் கை நீட்டவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. வீரையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துறேன், நீட்டும்மா" என்றார் அவர்.