திறப்பதற்கு முன் ஒரு போன்

இன்று காலை காட்டூரில் நான் ஏறிய பஸ் காவிரிப் பாலத்துக்கு வந்ததும் புதுவெள்ளத்தின் வாடை ஜன்னல் வழியே அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. விடியலில் நம் கடைமடைக்காரரிடமிருந்து வந்த செய்தி அப்படி. அவர் ஊரில் விடாத மழையாம். மேலே அணையில் யாரும் போனை எடுப்பதில்லையாம்.

அவரை நீ மறந்திருக்க மாட்டாய். வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கு நாம் பாடம் எடுத்த காலத்தில், ஒரே ஆற்றைப் பங்கிடும் இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரிடம் அணை, இன்னொருவரிடம் அதற்குக் கீழே வெள்ளத்தில் தவிக்கும் ஊர். கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார மாட்டோம் என்றார்கள். அணைக்காரர், கடைமடைக்காரர் என்று நீதான் பெயர் வைத்தாய்.

"மாமியாரும் மருமகளும் மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிறாங்கடி. மாடியிலயும் கீழயுமா பிரிச்சு வச்சிடலாம்" என்றாய். கேலி என்று நினைத்தேன். மறுநாள் நிஜமாகவே பிரித்துவிட்டாய், அதுவும் இடம் மாற்றி. கடைமடைக்காரருக்கு மாடியில் அணை. அணைக்காரருக்குத் தரைத்தளத்தில் ஊர். கம்ப்யூட்டரில் மழை, நடுவில் ஒரு போன். அணைக் கதவைத் திறப்பதற்கு முன் கீழே சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி.

"சொல்லாமல் திறக்கிறார்கள்" என்று ஆண்டாண்டாகக் குமுறியவர் அல்லவா கடைமடைக்காரர்? திரையில் அணை நிரம்புவதைப் பார்த்ததும் வியர்த்துக் கொட்ட, எல்லாக் கதவுகளையும் திறந்தார். போனைத் தொடவே இல்லை. கீழே ஊர் மூழ்கிவிட்டது. அணைக்காரர் படியேறி வந்து வாசலில் நின்றார். சிரிப்பார் என்று நினைத்தோம். "எனக்கும் இப்படித்தான் ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று வீடு திரும்பும்போது நீ சொன்னாய்: "மேல இருக்கறவன் கெட்டவன் இல்லடி, பயந்தவன். அந்தப் பயத்துல கீழ ஆள் இருக்கறதே மறந்துபோகும்."

அதற்குப்பின் நாடுகள் பேசினவோ இல்லையோ, அவர்கள் இருவரும் பேசினார்கள். ஒவ்வொரு மழைக்காலமும் கதவு திறக்கும் முன் ஒரு போன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "இந்த வருஷம் சொன்னாரான்னு கேளுடி" என்று நச்சரித்தாய்.

நீ போன பிறகு அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள். இரு நாட்டுக்கும் இடையே உறவு கெட்டுவிட்டதாம், ஆள் அனுப்ப மாட்டார்களாம். அணைக்காரர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் நம் தரைத்தளத்தில் ஒரு நாளும் உட்காராதவர். நீ இருந்தால் இதற்கும் ஒரு சமாதானம் சொல்லியிருப்பாய். எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு மனிதர்களின் பழக்கத்தை நம்பி ஒரு ஊரே தூங்கியிருக்கிறது. அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய அணைக்காரரைப் பிடித்து, புதியவரின் எண்ணை வாங்கினேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார். நீங்கள் யார் என்றார். சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது எந்தப் பதவியும் இல்லை. "கீழே ஆட்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றேன். அவர் வேகமாக மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் கதவுகளைத் தூக்கும் மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

உன் கவலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். எங்கே மழை என்றாலும், அங்கே கீழே யார் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கடைமடைக்காரருக்கு நானே சொல்லிவிடலாம் என்று அழைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ரிங் போகிறது. அவர் எடுக்கவில்லையடி.