நிற்கிற காருக்கும் ஆயில் மாற்று

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். நேற்று நான் ஓட்டிய பள்ளிக்கூடக் கார், பாலத்தின் நடுவில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. எனக்கு ஒன்றுமில்லை.

மெக்கானிக் திறந்து பார்த்தார். "எஞ்சின் ஆயில் தார் மாதிரி இருக்கே சார். எப்ப மாத்தினீங்க?"

"ரெண்டு வருஷமாச்சு. ஆனா வண்டி அதிகம் ஓடலையே."

"ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும். கணக்கு வாத்தியார் கிலோமீட்டரை மட்டும் எண்ணினா எப்படி?"

எழுதாமல் வைத்த மைப்புட்டியிலும் மை கெட்டியாகிறதல்லவா, அதுபோலத்தான். நம் காரும் நான் இங்கு வந்ததிலிருந்து ஷெட்டில் நிற்கிறது. அடுத்த மாதம் மகளைப் பிரசவத்துக்கு அதில்தான் கூட்டிப்போகப் போகிறாய். உடனே ஆயிலை மாற்றச் சொல். மாற்றியதும் எஞ்சினைக் கிளப்பி, போனில் எனக்குக் கேட்கவை. கேட்டதும் வைத்துவிடாதே, கொஞ்சம் பேசு.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உன் வாத்தியார்