அளந்து குடித்த சீசன்

2024 ஜூன் 11

மாங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டேன். பிவிசி எல்போ கிடக்கும் சாக்குக்குள் ஒளித்துவைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். பைப் கடை ஞானதுரைக்குப் புத்தி வேறு எங்கே போகும்? திறந்து மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு விரல் தொட்டு நக்கினேன். சரி, இரண்டு விரல்.

உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் குடிப்பேன். குடித்தது வெளியே போக வழியில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பத்தாம் வகுப்புக்கு வருடக்கணக்காக அறிவியல் எடுக்கிறவள் நான். அவரை விதை மாதிரி இரண்டு சிறுநீரகம், கீழே ஒரு பை - கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். நாளொன்றுக்கு நூற்றெண்பது லிட்டரை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் கழிவோடு வெளியே விடும் என்று சொன்னால், கடைசி பெஞ்சில் "சும்மா அடிச்சு விடுதாங்கலே" என்று முணுமுணுப்பார்கள். வகுப்புக்கு வகுப்பு அப்படிப் புகழ்ந்தேன். என்னுடையது இரண்டும் வேலையை விட்டுவிட்டன. நன்றிகெட்டவை.

இப்போது எனக்குத் தினப்படி ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். டீ, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். வெளியே சாரல் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது.

ஜூன் 13

டயாலிசிஸ். எடை பார்த்ததும் டெக்னீஷியன் சந்தோஷ்குமாருக்கு முகம் மாறியது.

"டீச்சர், மூணு கிலோ ஏறியிருக்கு. என்ன குடிச்சீங்க?"

"ஒண்ணும் குடிக்கல தம்பி. சாரல்ல நின்னேன்."

"சாரல்ல நின்னா எடை ஏறாது டீச்சர். நீங்கதான் எனக்குப் பாடம் எடுத்தீங்க."

பழைய மாணவனிடம் ஊசி போட்டுக்கொள்வதில் இதுதான் கஷ்டம். கை வழியாக ரத்தத்தை இழுத்து, மிஷினில் அலசி, யூரியாவையும் கூடுதல் தண்ணீரையும் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினான். உள்ளே இருந்துகொண்டு இரண்டு சிறுநீரகமும் ராப்பகலாகச் சத்தமில்லாமல் செய்த வேலைக்கு, இப்போது பீரோ அளவு ஒரு மிஷின், வாரம் மூன்று நாள்.

அடுத்த கட்டில் ஜாஹிரா பீவி. கடையநல்லூர்க்காரி, என் வயதுதான் இருக்கும், எனக்கு முன்பே வந்து மாட்டியவள். இன்றைக்கு ஒப்பந்தம் போட்டோம். "டீச்சரம்மா, நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல புதுக் கிட்னி கிடைச்சு ஒண்ணுக்கு வருதோ, அவ மத்தவளுக்கு உடனே போன் போடணும். எந்நேரமானாலும் சரி."

உலகத்தில் எந்தத் தோழிகளும் இப்படி ஒரு சத்தியம் செய்திருக்கமாட்டார்கள்.

ஜூன் 15

ஜாய் என் கண் முன்னால் தர்பூசணி தின்றாள். பெற்ற மகள்!

ஜூன் 18

சென்னையில் இருந்து நாத்தனார் குடும்பம் வந்திருக்கிறது. எல்லாரும் குற்றாலம் மெயின் அருவிக்குப் போனோம். கையில் டயாலிசிஸுக்காகத் தைத்து இணைத்த ரத்தக் குழாய் இருப்பதால் எனக்குக் கூட்டத்தில் குளிக்கத் தடை. பைகளையும் செருப்புகளையும் செல்போன்களையும் வைத்துக்கொண்டு நின்றேன். அருவிக்கரையில் ஒரு க்ளோக் ரூம் மாதிரி.

வேடிக்கை அப்புறம்தான். நனைந்து வந்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "பாத்ரூம் எங்கன?" ஒருத்தர் பாக்கியில்லாமல் ஓடினார்கள். குளிர்ந்த நீர் பட்டதும் தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் உள்ளே ஒதுங்கும். உள்ளே நிறைய இருக்கிறதே என்று உடம்பு தப்பாக நினைத்து, தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனைக் குறைத்துவிடும். சிறுநீரகம் உடனே திறந்துவிடும். துண்டைப் பிழிந்துகொண்டிருந்த நாத்தனாரிடம் இதை விளக்கினேன். "மதினி, பிறகு கேக்கேன், இப்ப வழிய விடுங்க" என்று அவள் ஓடினாள்.

பொதுக் கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை நீண்டுகொண்டே போனது. எல்லாருக்கும் அவசரம், எரிச்சல். நான் பைகளோடு நின்று பார்த்தேன். பொறாமைதான், வேறென்ன. எனக்கு அந்த வரிசையில் நிற்க ஒரு வேலையும் இல்லை.

ஜூன் 24

ஞானதுரைக்கும் எனக்கும் ரத்த குரூப் ஒன்று. அவருடைய ஒரு சிறுநீரகத்தை எனக்குத் தருவதாக அவரேதான் முடிவெடுத்தார். என்னைக் கேட்கவே இல்லை. "ரெண்டு மோட்டார் ஓடுற வீட்டுல ஒண்ணைக் கழட்டினா என்ன, தண்ணி வராமலா போயிரும்?" என்றார். கடையில் பைப் விற்கிற தொனியிலேயே சொன்னார். நான் அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாளைக்கு அவருக்கு முக்கியமான சோதனை. திருநெல்வேலி டாக்டர் ஸ்ரீவித்யா பெரிய வெள்ளைக் கேன் ஒன்று கொடுத்திருக்கிறார். காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். அதை வைத்துத்தான் அவருடைய சிறுநீரகத்தின் பலம் தெரியும். நாலு தரம் சொன்னேன்.

"எனக்கு விளங்காதாட்டி? லீக் இல்லாமப் பிடிக்கணும், அவ்வளவுதான?"

ஜூன் 26

நேற்று கேனை மஞ்சப்பைக்குள் வைத்துக் கடைக்கே கொண்டுபோனாராம். சுரண்டையில் இருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணாச்சி, பைக்குள்ள என்ன, பெயின்ட் தின்னரா? எனக்கும் ஒரு லிட்டர் ஊத்துங்க" என்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்றைக்குத் திருநெல்வேலியில் கேனைக் கொடுத்தோம். டாக்டர் தூக்கிப் பார்த்து, "அளவு கம்மியா இருக்கே. எல்லாத்தையும் பிடிச்சீங்களா?" என்றார். "ஆமா மேடம், எனக்குத் தாகமே எடுக்காது" என்றார் இவர். மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஜூன் 29

ரிசல்ட் வந்துவிட்டது. ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் மிச்சம் இருப்பது அவருக்கே போதாதாம். "இந்த நம்பர வச்சு அவர டோனரா எடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டும் வரை ரிப்போர்ட் கவரை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தார்.

என் சிறுநீரகம் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. எனக்கு மிஷின் இருக்கிறது. இவருக்கும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டு வருகிறதா? ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கிடக்கவா? ஜாய் என்ன செய்வா? ஏசப்பா, எனக்கு வந்தது போதாதா, இந்த மனுசன விட்டுரக்கூடாதா?

ஜூலை 1

எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. சிரிப்பில்தான்.

காலையில் சும்மா கிடக்க முடியாமல் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். கிரியேட்டினின் என்பது தசை தேய்மானத்தில் வரும் கழிவு. ஆளுக்கு எவ்வளவு தசையோ அதற்கேற்ப தினமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளியே வந்தாக வேண்டும். போர்வெல் மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைக்கிற மனிதர் இவர். கேனில் சேர்ந்ததோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வர வேண்டிய அளவு. அப்படியென்றால் கெட்டது சிறுநீரகம் இல்லை. மிச்சம் வேறெங்கோ போயிருக்கிறது.

வீட்டுப்பாடம் எழுதாத பயலை நிறுத்துவது போல முன்னால் நிறுத்தினேன்.

"அன்னைக்கு எங்க போனிய?"

"கடையிலதான் இருந்தேன்."

"என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்தார். எண்ணெய்க் கறை! அருவிக்கரையில் தேய்த்துவிடும் மசாஜ் எண்ணெய்!

"நம்ம கூட்டாளி பேச்சிமுத்து வண்டியக் கொண்டுட்டு வந்துட்டான். ஐந்தருவில புதுத்தண்ணி, வாலேன்னான். எப்படிப் போகாம இருக்க? கேன எடுத்துட்டுத்தாம்ட்டி போனேன், கரையில பைக்குள்ளதான் இருந்துச்சு. தண்ணிக்குள்ள நின்னதும்... அவசரம்... அருவிக்குள்ள யாருக்குட்டி தெரியும்?"

"எத்தன தடவ?"

"ஐந்தருவில ரெண்டு." கொஞ்சம் யோசித்தார். "பழைய குற்றாலத்துலயும் போனோம்லா."

"ஊரே குளிக்கிற தண்ணில! அசிங்கமா இல்ல?"

"இருக்கு. அதனாலதான் சொல்லல. லேடி டாக்டருட்ட எப்படிச் சொல்ல? டேங்குல ரெண்டு பக்கெட் குறைஞ்சா என்னன்னு நினைச்சேன். அவங்க நம்பரச் சொன்னதும் எனக்கே சந்தேகமாப் போச்சு. அவ்வளவு போயிருக்காதே, நெசமாவே கெட்டுப்போச்சோன்னு."

பாவி மனுசன். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் திரிந்ததற்குக் காரணம் இதுதான். சிரித்தேன், துண்டாலேயே நாலு போட்டேன், பிறகு அந்தத் துண்டிலேயே அழுதேன். அவரும் அழுதார். ஜாய் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் என்னாச்சு?" என்றாள். யார் சொல்வது?

டாக்டருக்கு நானே போன் செய்தேன். எத்தனை தடவை என்று அவரும் கேட்டார். பிறகு, "சரி, திரும்ப எடுத்துருவோம்" என்றார். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

ஜூலை 3

இன்று கடைக்கு லீவு. கேனுக்குப் பக்கத்தில் அவர், அவருக்குப் பக்கத்தில் நான். வாசலில் பேச்சிமுத்துவின் வண்டிச் சத்தம் கேட்டது. ஜாயை அனுப்பி விரட்டினேன்.

ஜூலை 9

பாஸ். நல்ல பலமான சிறுநீரகமாம், இரண்டுமே.

செப்டம்பர் 20

உறுப்பு மாற்று அனுமதிக் குழு முன்னால் போனோம். இவர் என் கணவர்தான், யாரும் விலைபேசிக் கூட்டிவரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோயிருந்தோம். அதிகாரி படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் தலைநிறைய முடி. "நான்தான் சார்" என்றார் இவர், பாவமாக. நான் சாட்சி சொன்னேன்.

நவம்பர் 17

மதுரை. நாளைக்குக் காலையில் ஆபரேஷன். இரண்டு பேரையும் தனித்தனி அறையில் போட்டிருக்கிறார்கள். ஜாய்தான் செய்தி சுமக்கிறாள். "அப்பா கேக்காக, பயமா இருக்கான்னு." இல்லை என்று சொல்லச் சொன்னேன். பயம்தான். எனக்காக இல்லை.

நவம்பர் 21

உட்கார முடிகிறது. பழையவை இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் புதியதை முன்பக்கம் அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள். ரத்தக் குழாயோடு இணைத்ததும் மேசையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டதாம். கடைக்காரர் சரக்கு, சுறுசுறுப்பு.

இன்றைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பையைத்தான் குனிந்து பார்த்தார். வலியில் முகம் சுளித்துக்கொண்டே, "ஏட்டி, பிரஷர் நல்லா இருக்கு" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்து கிளம்பச் சொல்லும்வரை விடவில்லை.

நவம்பர் 24

டியூபை எடுத்துவிட்டார்கள். நானே எழுந்து, நானே கதவைச் சாத்தி - வந்தது. சத்தம் கேட்டது. இவ்வளவு நாள் கழித்து அந்தச் சத்தம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், நர்ஸ் பயந்து கதவைத் தட்டும்வரை.

ஜாஹிரா பீவிக்குப் போன் போட்டேன். "வந்துருச்சு" என்றேன். அந்தப் பக்கம் டயாலிசிஸ் மிஷின் சத்தம். அதை மீறிக் கத்தினாள், "சந்தோஷ், டீச்சருக்கு வந்துருச்சாம்!" அவளுக்குத் தர வீட்டில் யாருடைய குரூப்பும் பொருந்தவில்லை, காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். அவளே சொன்னாள், "அழாதங்க டீச்சரம்மா. என் பங்கயும் சேத்துக் குடிங்க."

டிசம்பர் 30

தினமும் மூன்று லிட்டர் குடிக்க வேண்டுமாம். ஞானதுரை பின்னாலேயே பாட்டிலோடு திரிகிறார். தாகம் எடுத்துவிடும் என்று ஊறுகாயை ஒளித்துவைத்த அதே மனிதர்!

2025 ஜூலை 6

நாத்தனார் குடும்பத்தோடு மெயின் அருவி. தொற்று வந்துவிடக் கூடாது, கூட்டத்தில் குளிக்காதே என்று டாக்டர் உத்தரவு. ஆகவே இந்த வருடமும் பைகள், செருப்புகள், செல்போன்கள், நான். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கையில் இருந்த பாட்டிலில் பாதி குடித்திருப்பேன். அப்போதுதான் வந்தது.

ஞானதுரை நனைந்து நடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். அருவிக்குள் வைத்துக் காரியத்தை முடிக்காமல் கரையேறிவிட்டார் என்பதை இங்கே பாராட்டிப் பதிவுசெய்கிறேன்.

"பாத்ரூம் போயிட்டு வந்துருதேன், நில்லு."

"நான் போகணும். இங்கன பிடிங்க."

எல்லாப் பைகளையும் அவர் தோளில் மாட்டிவிட்டேன். "எனக்கு அவசரம்ட்டி!" என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்கள் வரிசை நேந்திரம்பழச் சிப்ஸ் கடை வரைக்கும் நீண்டிருந்தது. கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஈரச் சேலையோடு நின்ற ஒரு அம்மா, "எவ்வளவு நேரம்தான் நிக்க? சீ, என்ன பொழப்பு" என்று சலித்துக்கொண்டாள். நான் பாட்டிலைத் திறந்து மிச்சத் தண்ணீரையும் குடித்தேன்.