கல்லில் விட்ட இடம்

என் பிடிவாதக்காரிக்கு,

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து கனடாவுக்குக் கப்பலேறிய உன் கொள்ளுத் தாத்தா ஆம்ப்ரோஸை அவருடைய அம்மா தலைமுழுகிவிட்டாள் என்றுதானே நம் வீட்டில் சொல்வார்கள்?

அவர்களுடைய குடும்பக் கல்லைக் கண்டுபிடித்துவிட்டேன். கணவன், இரண்டு பிள்ளைகள், கடைசியில் அவள். அவள் பெயருக்கு மேலே ஒரு வரி வெறுமையாக இருந்தது.

"ஒதுக்கிட்டாங்க, பாத்தீங்களா?" என்றேன்.

பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரி தெல்மா முறைத்தாள். "நல்லா சொன்னீங்க போங்க! கப்பலேறின புள்ளைக்கு எங்க ஊர்ல அப்படித்தான் எடம் விடுவாங்க. என்னைக்காவது வருவான்னுதான்."

மூன்று தலைமுறையாக அவளைத் திட்டியிருக்கிறோம்.

உன் அறையை நான் காலி செய்துவிட்டேன் என்று அத்தையிடம் புலம்பினாயாமே? உன் பனிச்சறுக்குக் காலணிகள்கூடக் கட்டிலடியில் அப்படியே கிடக்கின்றன. அவற்றை எடுத்துப்போகவாவது வா.

உன் அப்பா