ஜீப் போகாத மாதத்துக் குருவி

என்னிடம் பேசும்போது மட்டும் குனிந்து பேசும் என் நெட்டை அண்ணாவுக்கு,

உன்னை எரித்த ஊருக்குக் கடிதம் போட இப்போது என்னிடம் விலாசம் இல்லை. அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்தால் வேறு சிலரும் படிப்பார்கள். படிக்கட்டும், அவர்களில் ஒருவருக்காவது கூசட்டும்.

நேற்று, சனிக்கிழமை, சேலத்தில் ஒரு கூட்டம். நீ அறிவியல் வாத்தியாராகப் போன ஆப்பிரிக்க நாட்டைப் பற்றி, நான் படிக்கும் கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவர் படம் காட்டிப் பேசினார். அவரை உனக்கு நன்றாகத் தெரியும். சுற்றுலா வந்த இடத்தில் உன் வீட்டில் தங்கி, நீ வடித்த சோற்றைத் தின்று, ரசத்தில் புளி பற்றவில்லை என்று குறை சொன்னவர். இப்போது அவர் ஆப்பிரிக்கப் பறவைகளில் நிபுணர். ஒரு கண்டத்தையே அறிந்துகொள்ள உன் சமையல் போதுமானதாக இருந்திருக்கிறது.

அங்கே இப்போது மழையா, அண்ணா? உன் குருவிக்கு மஞ்சள் வந்துவிட்டதா?

நம் தூக்கணாங்குருவிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று நீ ஏரோகிராம் கடிதத்தில் எழுதுவாயே, அந்தக் குருவிக்குத்தான் இப்போது கேடு. அந்த ஆற்றோரச் சதுப்பின் நாணலைத் தவிர வேறெங்கும் அதை நீ பார்த்ததில்லை. சதுப்பை வடித்துக் கரும்பு போடப் போகிறார்களாம். அழிந்துவரும் பறவைகளைப் பட்டியல் போடும் வெளிநாட்டுக்காரர்கள், அந்தக் குருவியின் நிலை என்ன என்று நம் நிபுணரிடம் கேட்டிருக்கிறார்கள். ஆபத்து என்று எழுதினால் கரும்புக்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள். எங்கும் கிடக்கிற குருவி என்று எழுதினால் அதோடு முடிந்தது. மழைதோறும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தவன் நீ. ஆனால் நீ வெறும் பள்ளிக்கூட வாத்தியார், உன்னை யார் கேட்பார்கள்?

உன் பேர் வரும் என்று அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவர் நிபுணருக்கு ஆளுயர மாலை போட்டார். பேச்சு முழுக்க ஆங்கிலம். புரியாதவர்கள்தான் அதிகமாகத் தலையாட்டினார்கள்.

நடுவில் உன் படம் வந்தது. சேற்றில் நின்று நாணலைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாய். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நிபுணர் சொன்னார்: இந்த நண்பர் நல்ல சமையல்காரர், கண்தான் சரியில்லை, எங்கும் கிடக்கிற பழுப்புக் குருவியைக் காட்டி உலக அதிசயம் என்று என்னை வெயிலில் அலைய விட்டார், ஆபத்தில்லாத பறவை என்றே எழுதப் போகிறேன்.

மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், அண்ணா. பல் தெரியச் சிரித்து, பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "எம்பட பையனுங்க" என்றார். பிறகு என் காதருகே வந்து, "என்ன சொன்னாரு, சாமி? நல்ல சிரிப்பா ஏதோ சொன்னாராட்ட இருக்குது" என்று கேட்டார்.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். கேள்வியை ஆங்கிலத்தில்தான் கோத்து வைத்திருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டேன்.

"ஐயா, நீங்க அங்க எந்த மாசத்துல போனீங்க?"

"ஆகஸ்ட்ல. ஏம்மா?"

"அப்ப அங்க மழை உண்டுங்களா?"

"மழையில எப்படிம்மா போறது? ஜீப் சேத்துல மாட்டிக்கும்."

"அந்தக் குருவி மழையிலதானுங்க கூடு கட்டும். ஆண் குருவி அப்பத்தானுங்க மஞ்சளா இருக்கும். மழை போனா அதுவும் பழுப்பாயிருமுங்க. நம்மூர்த் தூக்கணாங்குருவியும் அப்படித்தானுங்களே. எங்களுக்கு நீங்கதானுங்க அந்தப் பாடம் எடுத்தீங்க."

பின்வரிசையிலிருந்து யாரோ, "ஏனுங்க, அந்தக் குருவி ஜீப்பு வர்ற மாசமாப் பாத்துக் கல்யாணம் வெச்சுக்கக் கூடாதா?" என்றார். இந்த முறை சிரிப்பு இடம் மாறி விழுந்தது.

நான் விடவில்லை. "கூடு கட்டுற காலத்துல அது எத்தனை இருக்கு, வேற எங்கயாச்சும் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் மாலையைச் சரிசெய்தார். கண்ணாடியைத் துடைத்தார். "அது... தெரியாது."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா. எங்கப்பாவுக்குக் காது மந்தம்."

அப்பாவுக்குச் சோளக்காட்டில் பாம்பு நெளிந்தாலும் கேட்கும் என்பது உனக்குத் தெரியும்.

"தெரியாதும்மா, தெரியாது!"

இவ்வளவுதான் அண்ணா என்னால் முடிந்தது. அந்தப் பட்டியலில் 'போதிய அளவு தெரியாதது' என்று ஒரு இடம் இருக்கிறது. அதனால் உன் சதுப்பு பிழைத்துவிடாது. ஆனால் ஆபத்தில்லை என்று எழுதினால் அதன்பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். தெரியாது என்று எழுதினால், காலை நனைத்துக்கொள்ள மனமுள்ள யாராவது ஒருவர் மழையில் போய்ப் பார்க்கலாம்.

தேநீர் வேளையில் நிபுணர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சபையில அப்படிக் கேக்கலாமாம்மா? ரூமுக்கு வந்திருக்கலாமே. பாக்கலாம், எழுதறப்ப பாக்கலாம்" என்றார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி விருந்தாளியாகப் போய் உன் பாயில் படுத்தவர், நீ இறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் அதை எதிர்பார்த்தது என் தப்பு.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். மல்லூர் தாண்டியதும் அப்பா, "மொதல்ல சிரிச்சாங்களே, அது நம்ம பையனப் பாத்துத்தானா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"நானும் சேந்து சிரிச்சுப்போட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே மறுபடி கேட்டார். "கடைசியா அந்தாளு என்ன சொன்னான்?"

"பாக்கலாம்னாருங்கப்பா."

"பாக்கலாம்னா செய்யமாட்டேன்னு அர்த்தம். கெணத்து மோட்டாருக்குக் கரண்டு கேட்டப்பவும் இதே பேச்சுத்தான். அந்த ஆபீசரு எழுதற வரைக்கும் வாசப்படியிலயே குந்திக்கிட்டேன். வெத்தல துப்பப் போறதுன்னாலும் என்னைத் தாண்டித்தான் போகோணும். திங்கக்கிழமை நானும் வாரேன். காலேஜுல வாசப்படி இருக்குதில்ல சாமி?"

இருக்கிறது, அண்ணா. அகலமான படி. நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். 'தெரியாது' என்று அவர் கைப்பட எழுதி, உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டுவதைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்கமாட்டோம். இது உனக்குத் தரும் வாக்கு.

நாளைக்கு இரண்டு பேருக்கும் புளிச்சோறு கட்ட வேண்டும்.

உன் பின்னால் பிறந்த
தங்கச்சி